சின்ன மேடைக்கு எத்தனை வாட் வேண்டும்?

பேஸ் கிடாரின் மிகத் தடித்த தந்தியான ஈ தந்தியை விரல் பதிக்காமல் மீட்டினால் அது நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த அதிர்வு காற்றில் எழுப்பும் ஒலியலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். சிறிய திருமண மண்டபத்தின் மேடையைவிட நீளமான அந்த அலையை, ஒரு முழம் அகலம்கூட இல்லாத ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை முன்னும் பின்னும் அசைத்தே எழுப்ப வேண்டியிருக்கிறது என்பதுதான் பேஸ் ஆம்ப் என்ற கருவியின் அடிப்படைச் சிக்கல். அதன் எடை, உருவம், விலை ஆகிய மூன்றும் இந்தச் சிக்கலிலிருந்தே பிறக்கின்றன என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கடையில் வரிசையாக நிற்கும் கறுப்புப் பெட்டிகளுள் எது குறைந்த செலவில் ஒரு சிறிய கச்சேரியைத் தாங்கும் என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதாகிவிடும்.

ஆறு தந்திக் கிடாருக்கு 20 அல்லது 30 வாட் ஆம்ப் போதுமானதாக இருக்க, அதே மேடையில் நிற்கும் பேஸுக்கு அதைப் போல நான்கைந்து மடங்கு திறன் தேவைப்படுவதற்கு மனிதச் செவியும் ஒரு காரணம். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வு, நடு ஸ்தாயி ஒலிகளை நுட்பமாகக் கேட்கும் செவி கீழ் ஸ்தாயி ஒலிகளை மந்தமாகவே கேட்கிறது என்பதையும், இரண்டும் ஒரே அளவு உரத்துக் கேட்க வேண்டுமானால் கீழ் ஸ்தாயிக்குப் பன்மடங்கு ஒலியாற்றல் தேவை என்பதையும் வரைகோடுகளாகவே காட்டியது. ஆனால் இதே செவி ஒரு சலுகையையும் தருகிறது. ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 அதிர்வுகளாக, ஒலிக்கும்போது அதன் இரு மடங்கான 82, மூன்று மடங்கான 123 என மேலிசைகள் எனப்படும் துணை அதிர்வுகளும் கூடவே எழுகின்றன. அடிப்படை அதிர்வு அறவே வலுக்குறைந்து வந்தாலும், இந்த மேலிசைகளின் இடைவெளியைக் கொண்டு மூளை அந்தச் சுருதியைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. மலிவு விலை பேஸ் ஆம்புகளுள் பெரும்பாலானவை 41 ஹெர்ட்ஸை முழு வலுவுடன் எழுப்புவதே இல்லை என்றாலும் அவற்றில் வாசித்த பேஸ் பேஸாகவே கேட்பதற்கு இதுவே காரணம். கீழ் ஸ்தாயியைக் கூட்டும் திருகை முழுவதும் திருப்பிவிட்டு, ஆம்புக்கு வலுவில்லை என்று வருந்தும் வழக்கம் பரவலாக இருப்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் திருகு ஆம்பின் திறனைத்தான் விழுங்கும். மற்றக் கருவிகளுக்கு நடுவே பேஸின் சொல் தெளிவாகக் கேட்பது 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியால்தான்.

இந்தச் சிக்கல் மின் பேஸ் கிடார் பிறந்த நாளிலிருந்தே அதைத் தொடர்கிறது. 1951இல் லியோ ஃபென்டர் ப்ரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஆளுயர டபுள் பேஸ் தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் அதற்கென்று ஒலிக்கூடு இல்லாததால் மின்சாரமின்றி அதன் ஓசை பக்கத்தில் நிற்பவருக்கே எட்டாது. எனவே அடுத்த ஆண்டே 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்ட ஃபென்டர் பேஸ்மேன் வந்தது. 1960இல் வந்த ஆம்பெக் நிறுவனத்தின் பி-15, ஒலிப்பதிவுக்கூடங்களில் பெரும்பெயர் பெற்றது. மேடைகள் விளையாட்டரங்குகளாக விரிந்தபோது, 1969இல் அதே நிறுவனம் 300 வாட் எஸ்.வி.டி. ஆம்பை உருவாக்கியது. வால்வுகள் நிறைந்த அதன் ஹெட், அதாவது ஒலியைப் பெருக்கும் தனிப்பெட்டி, எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் அடங்கிய கேபினெட்டின் மேல் அமரும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ நூறு கிலோ எடை கொண்டவை.

அந்த எடையைக் கீழே இறக்கியது டி வகுப்பு என்ற பெருக்கும் முறை. பழைய ஏபி வகுப்பு ஆம்புகளில் மின்சாரத்தின் கணிசமான பகுதி வெப்பமாக வீணாவதால், அந்த வெப்பத்தை வெளியேற்ற அலுமினியத் தகடுகளும், மின்சாரத்தை வழங்கக் கனத்த டிரான்ஸ்பார்மரும் தேவைப்பட்டன. டி வகுப்பிலோ டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும் வேலை செய்வதால் வீணாகும் ஆற்றல் மிகக் குறைவு, எடையும் குறைவு. 12 அங்குல ஸ்பீக்கருடன் வரும் ஃபென்டர் ரம்பிள் 100 ஏறத்தாழ 10 கிலோதான். இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட ரம்பிள் 500கூட 17 கிலோவுக்குள் அடங்குகிறது. ஹெட்டும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அடங்கிய இத்தகைய ஆம்ப் காம்போ எனப்படும். சொந்தமாக வண்டி இல்லாத, ஆட்டோவிலோ நண்பரின் இருசக்கர வாகனத்திலோ கச்சேரிக்குப் போய்வரும் இளம் கலைஞருக்கு இந்த எடைக்குறைப்பு விலைக்குறைப்புக்கு ஈடானது. ஒவ்வொரு கச்சேரிக்கும் தரும் வண்டி வாடகையும் ஆம்பின் விலையோடு சேர்த்து எண்ண வேண்டிய செலவே ஆகும்.

வாட் கணக்கில் உள்ள ஓட்டை

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படும் எண் வாட். வீட்டு உபயோக ஸ்பீக்கர்களின் அட்டைப்பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் வாட் கணக்குக்கு நடைமுறையில் எந்தப் பொருளும் இல்லை என்பது பலர் அறிந்ததே. தொடர்ந்து தாங்கக்கூடிய திறனைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். வாட் ஒன்றே கணக்கில் கொள்ளத் தக்கது. ஆனால் நேர்மையாகக் குறிக்கப்பட்ட அந்த எண்கூட ஓசையின் அளவை நேரடியாகச் சொல்வதில்லை. திறன் இரட்டிப்பானால் ஓசை 3 டெசிபெல் மட்டுமே கூடும். டெசிபெல் என்பது ஓசையின் அழுத்தத்தை விகிதமாக அளக்கும் அலகு. செவிக்கு இரு மடங்கு உரத்துக் கேட்கச் சுமார் 10 டெசிபெல் உயர வேண்டும், அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். 100 வாட்டுக்குப் பதில் 200 வாட் வாங்கியவர் அதிகப் பணம் கொடுத்துப் பெற்றது, கூர்ந்து கேட்டால் தெரியும் ஒரு சிறு உயர்வு மட்டுமே.

வாட்டைவிட அதிகம் பேசப்பட வேண்டியது, ஆனால் மிகக் குறைவாகப் பேசப்படுவது, ஸ்பீக்கரின் உணர்திறன். ஒரு வாட் மின்சாரம் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும்போது எத்தனை டெசிபெல் ஒலிக்கிறது என்பதே அது. 94 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கருக்கு 200 வாட் கொடுத்தாலும், 97 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தாலும் கிடைக்கும் ஓசை ஒன்றே. ஆகவே நல்ல ஸ்பீக்கர் பொருத்திய 100 வாட் காம்போ, மட்டமான ஸ்பீக்கர் பொருத்திய 200 வாட் காம்போவுக்குச் சற்றும் சளைப்பதில்லை.

பெட்டியின் அளவும் இந்தக் கணக்கில் சேர்கிறது. ஒலிப்பெட்டி வடிவமைப்பில் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று வழங்கும் ஒரு விதி உண்டு. புகழ்பெற்ற பியானோ மேதை ஜோசப் ஹாஃப்மனின் மகனும் கே.எல்.எச். ஒலிபெருக்கி நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவருமான ஆன்டன் ஹாஃப்மன் வகுத்தது அது. பெட்டி சிறியதாக இருப்பது, ஆழ்ந்த கீழ் ஸ்தாயி ஒலிப்பது, குறைந்த வாட்டில் உரத்து ஒலிப்பது என்ற மூன்றில் ஏதேனும் இரண்டை மட்டுமே எந்தப் பெட்டியும் தர முடியும் என்பது அதன் சாரம். கைக்கு அடக்கமான பெட்டியில் ஆழமான பேஸ் கிடைக்கிறது என்றால் அது வாட்டைத் தின்றுதான் கிடைக்கிறது. மூன்றையும் தருவதாகச் சொல்லும் விளம்பரம் இயற்பியலுக்கு எதிராகப் பேசுகிறது. 10 அங்குலம் துல்லியமானது, 15 அங்குலம் ஆழமானது என்ற பொதுவான நம்பிக்கையையும் இந்த விதியின் ஒளியில்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் ஸ்பீக்கரின் விட்டத்தைவிட அது உட்கார்ந்திருக்கும் பெட்டியின் கன அளவும், பெட்டியில் காற்று வெளியேற விடப்பட்ட துளையின் அமைப்புமே ஆழத்தை அதிகம் தீர்மானிக்கின்றன.

பின்னாளில் ஓசையைக் கூட்ட விரும்புவோருக்கு மிகச் சிக்கனமான வழி, வெளியே இன்னொரு கேபினெட்டை இணைத்துக்கொள்வது. ரம்பிள் 500 காம்போ தன் சொந்த ஸ்பீக்கர்களுக்கு 350 வாட்டே தருகிறது. 8 ஓம் மின்தடை கொண்ட இன்னொரு கேபினெட்டை இணைத்து மொத்தத் தடையை 4 ஓமாகக் குறைத்தால்தான் பெயரில் உள்ள 500 வாட் வெளிவருகிறது. திறன் கூடியதால் ஒன்றரை டெசிபெல்லும், காற்றை அசைக்கும் கூம்பின் பரப்பு இரட்டிப்பானதால் ஏறத்தாழ 3 டெசிபெல்லும் சேர்ந்து, புதிதாக இரு மடங்கு வாட் ஆம்ப் வாங்குவதைவிட அதிக ஓசை கிடைக்கும். ஆம்பின் பின்புறம் குறிப்பிட்டுள்ள மிகக் குறைந்த ஓம் அளவுக்குக் கீழே போனால் ஆம்ப் சூடேறிக் கெடும் என்பதையும், ஹெட்டிலிருந்து கேபினெட்டுக்குச் சாதாரணக் கிடார் ஒயரை மாட்டக் கூடாது, தடித்த ஸ்பீக்கர் ஒயரே வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேடைதான் தீர்மானிக்கும்

இத்தனை எண்களையும் தாண்டித் தேர்வைத் தீர்மானிப்பது, மேடையில் டிரம்ஸ் உண்டா, பேஸை ஏற்றுக்கொள்ளும் மைக் செட் உண்டா என்ற இரண்டு கேள்விகள். குச்சியால் அடிக்கும் டிரம்ஸ் ஒரு சிறிய அறையில் 100 டெசிபெல்லை எளிதில் தாண்டும்; பேஸ் ஆம்புக்கு உண்மையான போட்டி பாடகரோ கிடாரோ அல்ல, இந்த டிரம்ஸ்தான். காபிக் கடையில் கஹான் என்ற பெட்டித் தாளக்கருவியும் அக்குஸ்டிக் கிடாரும் மட்டும் துணையிருக்கும் நிகழ்ச்சிக்கு 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கருடன் 40, 50 வாட் காம்போ தாராளம். டிரம்ஸ் இருந்து, பேஸ் மிக்ஸர் வழியாகவும் அரங்குக்குப் போகும் தேவாலயம், கல்லூரி அரங்கம் போன்ற இடங்களில் 12 அங்குல 100 வாட் காம்போ போதும். டிரம்ஸும் இருந்து, பாட்டுக்கு மட்டும் மைக் செட் இருக்கும் இடங்களில்தான் 300 வாட்டுக்குக் குறையாத திறனும் இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்களோ ஒரு 15 அங்குல ஸ்பீக்கரோ வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் பாட்டுக்கு அடியில் தனியொரு மெட்டாகவே நடந்து செல்வதைக் கேட்டு வளர்ந்த ரசிகர்கள், திருமண வரவேற்பில் பாடும் மெல்லிசைக் குழுவிடமும் அந்த நடையை எதிர்பார்க்கிறார்கள். அதே வரவேற்புகளில் மைக் செட்காரர் கொண்டுவரும் பெட்டிகளுள் பல பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்பதற்காக அமைந்தவை. கூம்பு வடிவ ஹாரன்களும் அகூஜா நிறுவன ஆம்பும் கொண்ட தெருவிழா மைக் செட்டில் பேஸின் அடிப்படைச் சுருதி ஏறக்குறைய காணாமலே போய்விடும். இத்தகைய இடங்களில் பேஸ் ஆம்ப் மேடைக்கு மட்டுமன்றி முன்வரிசை ரசிகர்களுக்கும் சேர்த்தே ஒலிக்க வேண்டியிருப்பதால், மெல்லிசைக் குழுவில் தொடர்ந்து வாசிப்பவர் மூன்றாம் வகைக்கே தயாராக இருப்பது நல்லது. தேவாலயத்தில் மட்டும் வாசிப்பவர் அந்தச் செலவைச் செய்ய வேண்டியதில்லை.

ஆம்பை வைக்கும் இடமும் பணம் செலவாகாத ஒரு திறன்கூட்டிதான். சுவரை ஒட்டி வைத்தால் பின்னால் போகும் கீழ் ஸ்தாயி ஒலி சுவரில் மோதித் திரும்பி முன்னால் வருவதோடு சேர்ந்துகொள்ளும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும், ஆனால் அங்கே சில சுருதிகள் மட்டும் உறுமத் தொடங்கிவிடும். இரும்புச் சட்டத்தின் மேல் பலகை அடித்த தற்காலிக மேடையில் ஆம்பை நேரே தரையில் வைத்தால் பலகையே பறைபோல அதிரும். அதை உறுதியான ஒரு ஸ்டூலின் மேல் ஏற்றிவைத்தால் உறுமல் அடங்குவதோடு, முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்த நடுப்பகுதி ஒலி வாசிப்பவரின் செவிக்கு வந்துசேரும். ஆம்புக்கு வலு போதவில்லை என்ற குறை பாதி நேரம் இத்துடன் தீர்ந்துவிடும்.

பின்பலகையில் மூன்று ஊசி

ஒரு காம்போவைத் திருப்பிப் பின்பலகையைப் பார்த்தால், மின்கம்பி செருகும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வட்டமான, மூன்று ஊசிகள் துருத்திய ஒரு சொருகி தென்படும். எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் அதிலிருந்து மேடையின் மிக்ஸருக்கு நேரே செல்லும் வெளியீட்டையே சவுண்ட் இன்ஜினியர்கள் டி.ஐ. என்கிறார்கள். ஒரே ஒலிக்குறி இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிர்மாறாகப் பயணிப்பதால், வழியில் புகும் இரைச்சல் மிக்ஸரில் தானாகவே கழிந்துபோகிறது. நீண்ட தொலைவு ஒயர் இழுத்தாலும் ஒலி கெடுவதில்லை. சிறிய கச்சேரிக்கு ஆம்ப் தேடும் எவரும் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று உண்டென்றால் அது இந்தச் சொருகிதான். இது இருந்தால் 100 வாட் ஆம்ப் ஆயிரம் பேர் அரங்கிலும் பயன்படும், ஏனெனில் அரங்கை நிரப்பும் வேலையை அங்குள்ள பெரிய ஸ்பீக்கர்கள் ஏற்றுக்கொள்ள, ஆம்ப் வாசிப்பவருக்கும் டிரம்ஸ் கலைஞருக்கும் கேட்டால் போதும். இது இல்லாத 300 வாட் ஆம்ப் அந்த அரங்கில் தனித்து நின்று மூச்சு வாங்கும். சில ஆம்புகளில் இதன் அருகே ப்ரீ, போஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை ப்ரீயில் வைத்தால் மேடையில் திருகும் திருகுகள் அரங்கின் ஒலியை மாற்றாது என்பதால் சவுண்ட் இன்ஜினியர்கள் அதையே விரும்புவார்கள்.

அதே இடத்தில் கிரவுண்ட் லிஃப்ட் என்றொரு சிறு பொத்தானும் இருக்கலாம். ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு பிளக் முனைகளில் மின்சாரம் எடுக்கும்போது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் கேட்டால், இந்தப் பொத்தான் ஒலிக்கம்பியின் எர்த் இணைப்பை மட்டும் துண்டித்து அதை நிறுத்தும், இது ஆபத்தில்லாதது. ஆனால் ரீங்காரத்தை நிறுத்துவதற்காக மின் பிளக்கின் மூன்றாவது முனையை உடைப்பதோ, இரண்டு முனை அடாப்டரில் செருகுவதோ உயிருக்கு உலை வைக்கும் செயல். பேஸ் கிடாரின் தந்திகள் ஒயர் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. பாடகரின் மைக் உறை மிக்ஸரின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. இரண்டில் ஒன்றின் எர்த் துண்டிக்கப்பட்டு, அங்கே மின்கசிவும் இருந்தால், தந்தியில் கைவைத்தபடி மைக்கில் உதடு படும் நொடியில் மின்சாரம் உடல் வழியே பாயும். ஜெனரேட்டரில் ஓடும் விழாக்களில் எர்த் கம்பியே இல்லாமலிருப்பதும் உண்டு. தந்திக்கும் மைக் உறைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து மின்னழுத்தம் பார்ப்பதையும், ஆம்புக்கும் மிக்ஸருக்கும் ஒரே முனையிலிருந்து மின்சாரம் எடுப்பதையும் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன் கட்டாய வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கடையிலும் பழைய சரக்கிலும்

சந்தையில் இன்று இந்த வகையில் பரவலாகக் கிடைப்பவை ஃபென்டரின் ரம்பிள் வரிசை, ஆம்பெக்கின் ராக்கெட் பேஸ் வரிசை, ஆரஞ்சின் க்ரஷ் பேஸ் வரிசை, ஹார்ட்கீ, லேனி, பெரிங்கர் முதலியவை. ஒரே செலவில் எடைக்குறைவும் டி.ஐ. வசதியும் சேர்ந்து கிடைப்பதால், முதல் ஆம்ப் வாங்குவோருக்கு 12 அங்குல 100 வாட் காம்போவே பொருத்தமானது. ஆம்பே வாங்காமல், சான்ஸ்ஆம்ப் போன்ற ஒரு பேஸ் ப்ரீ-ஆம்ப் பெடலையும் 12 அங்குல ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒன்றையும் வாங்குவது இன்னொரு வழி. உள்ளேயே பெருக்கி பொருத்திய அந்த ஸ்பீக்கர், பேஸ் இல்லாத நாள்களில் பாட்டுக்கும் கீபோர்டுக்கும் உதவும் என்பதால், சேர்ந்து செலவழிக்கும் குழுக்களுக்கு இது கூடுதல் லாபம். கையிலிருக்கும் கிடார் ஆம்பில் பேஸை மாட்டி உரக்க வாசிப்பது மட்டும் கூடாது. அதன் ஸ்பீக்கர் கூம்பு அவ்வளவு தூரம் அசைவதற்காகச் செய்யப்பட்டதன்று, விரைவில் கிழிந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி ஆம்ப் வாங்கிவரச் செய்வோர், அங்கு விற்பது 120 வோல்ட்டுக்கானதாக இருக்கக்கூடும் என்பதைப் பின்பலகையில் படித்து உறுதிசெய்த பிறகே வாங்கச் சொல்ல வேண்டும். இங்குள்ள 230 வோல்ட்டில் அதைச் செருகினால் ஃபியூஸோடு நிற்காமல் உள்ளிருக்கும் மின்வழங்கியும் கருகலாம்.

பழைய ஆம்ப் வாங்குவது குறைந்த செலவில் பெரிய ஆம்ப் பெறுவதற்கு மிகச் சிறந்த வழி, ஏனெனில் டிரான்சிஸ்டர் ஆம்புகள் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். கெடுவது பெரும்பாலும் ஸ்பீக்கரும் திருகுகளும் சொருகிகளும்தான். பார்க்கப் போகும்போது சொந்த பேஸையும் சொந்த ஒயரையும் கொண்டுபோக வேண்டும். எல்லாத் திருகுகளையும் நடுவில் வைத்து, ஈ தந்தியை ஓங்கி மீட்டி, ஓசையைப் படிப்படியாகக் கூட்டிப் பாதிக்கு மேல் கொண்டுபோனால், கூம்பு சட்டத்தில் உரசும் சரசரப்பும், பெட்டியின் துளையில் காற்று சீறும் ஒலியும், தளர்ந்த திருகாணியின் கடகடப்பும் தாமாகவே வெளிப்படும். பிறகு ஒவ்வொரு திருகையும் மெல்லத் திருப்பி, கரகரப்பு கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்; தூசியால் வரும் கரகரப்பு ஒரு ஸ்ப்ரேயில் போய்விடும், ஆனால் விலையைக் குறைத்துப் பேச அது போதும். ஆம்பை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகும் ஒலி மாறாதிருக்கிறதா என்பதையும், எக்ஸ்.எல்.ஆர். சொருகியில் ஒரு மிக்ஸரை இணைத்து அங்கும் ஒலி வருகிறதா என்பதையும் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.